நம் ஊர்ப் பள்ளியும் மாற்றுத்திறன் குழந்தைகளும்

(ஊராட்சி உறுப்பினர்களும் பள்ளி மேலாண்மைக் குழுவினரும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஊர் முன்னேற்றம் என்று சொன்னவுடன் நம் உள்ளத்தில் எழுபவை சாலையும், குடிநீர்க் கிணறும், ஏரிக்கரையும், தெரு விளக்கும் ஆகும். பள்ளிக்கூடமும் அந்த வரிசையில் இடம்பெற்றே இருக்கிறது. பள்ளிக்குக் கட்டடம் வேண்டும், சுற்றுச்சுவர் வேண்டும் என்று கேளாத ஊர் இல்லை. அவையெல்லாம் வேண்டியவையே. ஆனால், இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் கட்டடம் அன்று. அக் கட்டடத்துக்குள் இன்னும் வந்து சேராத குழந்தையைப் பற்றியே சில சொற்கள் சொல்ல விரும்புகிறோம்.

குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்து வருவதில் நம் மாநிலம் நெடுங்காலமாக முயன்று வந்திருக்கிறது. 1956ஆம் ஆண்டில், காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, தொடக்கப் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கப்பெற்றது. அதே காலத்தில், பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் முயற்சியால் ஊர்தோறும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடைபெற்றன. பெஞ்சு கொடுத்தவர் உண்டு. கரும்பலகை கொடுத்தவர் உண்டு. நிலமே எழுதிக் கொடுத்தவரும் உண்டு. 1982இல் சத்துணவுத் திட்டம் வந்தது. 2022இல் காலை உணவுத் திட்டம் வந்தது. பசியினால் பள்ளிக்கு வராதிருந்த குழந்தை வந்தது. சட்டை இல்லாமையால் வராதிருந்த குழந்தையும் வந்தது. 'இனி நம் ஊரில் பள்ளிக்கு வராத பிள்ளை இல்லை' என்று நாம் மன நிறைவு கொண்டோம்.

அந்த மன நிறைவு முற்றும் சரியானதா என்பதே கேள்வி.

திண்ணையில் கண்ட காட்சி

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் ஊருக்குச் சென்றிருந்தோம். ஊரின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. அவ்வூரில் பள்ளி வயதுக் குழந்தைகள் அனைவரும் சேர்க்கப்பட்டுவிட்டதாகக் கணக்குக் கூறிற்று. நாம் தெருவில் நடந்து சென்றபோது ஒரு வீட்டுத் திண்ணையில் தாய் ஒருவர் விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். அருகில் ஒன்பது வயதுப் பெண் குழந்தை உட்கார்ந்திருந்தாள். மூளை முடக்குவாதத்தால் அவளுக்குக் கால்கள் பின்னிக்கொள்ளும், பேச்சு குழறும். ஆயினும், உடைத்த பருப்பைப் பத்துப் பத்தாகப் பிரித்து வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். எந்த ஆசிரியரும் அவளுக்கு எண் கற்பிக்கவில்லை. அண்ணன் உரக்கப் படித்த வாய்பாட்டைக் கேட்டுத் தானே கற்றுக்கொண்டாள்.

"இவளைப் பள்ளிக்கு அனுப்பவில்லையா, அம்மா?" என்று வினவினோம்.

"அங்கே இவளை யார் ஐயா பார்த்துக்கொள்வார்கள்? பள்ளி வாசலில் மூன்று படி இருக்கிறது. நான் காட்டு வேலைக்குப் போகாமல் தூக்கிக்கொண்டே நிற்க முடியுமா?" என்றார் அத் தாய். சிறிது நேரம் கழித்து, "படிப்பு கிடக்கட்டும் ஐயா. என் காலத்துக்குப் பிறகு இவளுக்கு யார்?" என்று கேட்டார்.

முதற் கேள்விக்கு நாம் ஏதோ விடை கூறினோம். இரண்டாம் கேள்விக்கு அன்று நம்மிடம் விடை இல்லை. அனைவரும் பள்ளியில் சேர்ந்துவிட்டனர் என்ற கணக்கு எப்படி வந்தது என்பது மட்டும் நமக்கு விளங்கிற்று. அந்தக் குழந்தையைக் கணக்கெடுத்தவர் எண்ணவே இல்லை.

சட்டம் கூறுவது என்ன?

இத்தகைய குழந்தைக்காக நாட்டில் இரண்டு பெரிய சட்டங்கள் இருக்கின்றன. ஊராட்சிப் பொறுப்பில் உள்ள ஒவ்வொருவரும் இவற்றின் சாரத்தையேனும் அறிந்திருத்தல் வேண்டும்.

முதலாவது, 2009ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். இது 2010 ஏப்ரல் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. 6 முதல் 14 வயது வரை உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் அருகிலுள்ள பள்ளியில் இலவசக் கல்வி பெறும் உரிமையை இது வழங்குகிறது. வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுத்தல் கூடாது. 'இந்தக் குழந்தை படிக்குமா பார்ப்போம்' என்று தேர்வு வைத்துச் சேர்ப்பதும் கூடாது. அவ்வாறு தேர்வு வைத்தால் முதல் முறை 25,000 ரூபாய் வரையிலும், அதன் பின்னர் ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையிலும் தண்டம் விதிக்கலாம். 2012ஆம் ஆண்டில் இச் சட்டம் திருத்தப்பட்டபோது, மாற்றுத்திறன் குழந்தைகள் நலிவுற்ற பிரிவினருள் சேர்க்கப்பட்டனர். பல்வகைக் குறைபாடோ கடுமையான குறைபாடோ உடைய குழந்தைக்கு, வேண்டுமாயின், வீட்டிலிருந்தே கல்வி பெறும் உரிமையும் அப்போது அளிக்கப்பட்டது.

இங்கே ஒன்றைக் கருத்தில் வைத்தல் வேண்டும். வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்துகொள்ளும் உரிமை குழந்தையின் பக்கத்துக்கே உரியது. 'உங்கள் பிள்ளை வீட்டிலேயே இருக்கட்டும். நாங்கள் பெயரை மட்டும் எழுதிக்கொள்கிறோம்' என்று பள்ளி சொல்வதற்கு அது உரிமை தரவில்லை.

இரண்டாவது, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம். இது 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. 1995ஆம் ஆண்டின் பழைய சட்டம் 7 வகைக் குறைபாடுகளையே கூறியது. புதிய சட்டம் 21 வகைகளைக் கூறுகிறது. பார்வை, செவி, கை கால் ஆகியவற்றின் குறைபாடுகள் மட்டுமல்லாமல், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, ஆட்டிசம், கற்றல் குறைபாடு, தசைச்சிதைவு நோய், தலசீமியா போன்றவையும் இதில் இடம்பெற்றுள்ளன. பார்வைக்கு நலமாக இருந்தும் எழுத்துக் கூட்டிப் படிக்க இயலாத பிள்ளையை 'மக்கு' என்று ஒதுக்கி வைக்கிறோமே, அப் பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு இருக்கலாம். அதனைத் தொடக்கத்திலேயே கண்டறிய வேண்டியது பள்ளியின் கடமை என்று இச் சட்டம் விதிக்கிறது.

குறைபாடு 40 சதவிகிதமோ அதற்கு மேலோ உள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. அது அருகிலுள்ள பள்ளியிலா, சிறப்புப் பள்ளியிலா என்பது அக் குழந்தையின் விருப்பம். இந்த 18 வயது என்பதை மறத்தலாகாது. மற்றக் குழந்தைகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் 14 வயதோடு நிற்க, இக் குழந்தைகளுக்கு உரிமை இன்னும் நான்கு ஆண்டுகள் நீள்கிறது. மேலும், பள்ளிக் கட்டடம் இவர்கள் வந்து செல்லத்தக்கதாய் இருத்தல் வேண்டும். மிகுந்த துணை தேவைப்படும் குழந்தைக்கும் உடன் வருபவருக்கும் போக்குவரத்து வசதி செய்தல் வேண்டும். தேர்வில் கூடுதல் நேரமும், எழுதுவதற்குத் துணையாளும், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களில் விலக்கும் தரலாம். அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் 5 சதவிகித இடங்கள் இவர்களுக்கென ஒதுக்கப்படுதல் வேண்டும். அரசாங்க வேலைகளில் 4 சதவிகிதம் ஒதுக்கப்படுதல் வேண்டும்.

இன்னுமொரு பிரிவு நம் ஊர்ப் பேச்சு வழக்கத்தைப் பற்றியது. மாற்றுத்திறனாளி ஒருவரைப் பலர் காண, இழிவுபடுத்தும் நோக்கத்துடன் அவமதிப்பது குற்றமாகும். அதற்கு 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. நம் மாநிலத்தில் 2010ஆம் ஆண்டிலேயே 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை விடுத்து 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லை அரசாங்கம் ஏற்றது. பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்க, உடற் குறையையே பெயராக்கி அழைப்பது சில ஊர்களில் இன்றும் வழக்கமாக இருக்கிறது. அதனைக் கைவிடுவதற்குப் பஞ்சாயத்து நிதியில் ஒரு காசும் செலவில்லை.

சிறப்புப் பள்ளிகளைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் செவித்திறன் அற்றோருக்கும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பள்ளிகள் தோன்றின. அவை செய்துள்ள தொண்டு பெரிது. ஆனால், அத்தகைய பள்ளிகள் பெரும்பாலும் நகரங்களில் இருக்கின்றன. ஆறு வயதுக் குழந்தையைத் தொலைவிலுள்ள விடுதியில் விட மனம் வராத பெற்றோர் அதனை வீட்டிலேயே வைத்துக்கொண்டனர். அவர்களுக்கு வேறு வழி இல்லாதிருந்தது. இன்று சட்டம் அந்த வழியைத் திறந்திருக்கிறது. ஊர்ப் பள்ளியே அக் குழந்தையின் பள்ளி.

ஊர்ப் பள்ளியில் இக் குழந்தைகளுக்குப் பயிற்சி தர ஆள் வேண்டாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வட்டார வள மையத்தின் வாயிலாகச் சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறைப் பயிற்சி அளிப்போரும் பள்ளிகளுக்கு வந்து செல்கின்றனர். ஒருவரே பல பள்ளிகளுக்குச் செல்ல வேண்டியிருப்பதால், ஒரு பள்ளிக்கு அவர் வரும் நாட்கள் குறைவு. தொடக்கப் பள்ளியில் இத்தகைய 10 குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 குழந்தைகளுக்கு ஒருவர் என்னும் விகிதத்தில் சிறப்பாசிரியர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021ஆம் ஆண்டில் கூறியது. 2025 மார்ச்சில் இப் பணியிடங்களை அறிவிக்குமாறு மாநிலங்களுக்கு அது ஆணையிட்டது. ஆனால், குழந்தைகள் எத்தனை பேர் என்ற கணக்கு சரியாக இருந்தாலன்றி, ஆசிரியர் எத்தனை பேர் வேண்டும் என்ற கணக்குச் சரியாக வாராது. திண்ணையிலிருந்த குழந்தையை எண்ணாமல் விட்டதன் தீமை இப்போது நன்கு விளங்கும்.

பெற்றோர் இரந்து நிற்பவர் அல்லர்

நம் உழவர் குடும்பங்களில் பள்ளி ஆசிரியரிடம் பேசுவதற்கே கூச்சம் மிகுதி. அதிலும், பிள்ளைக்கு ஒரு குறை இருந்துவிட்டால், ஏதோ தவறு செய்தவர்போலப் பெற்றோர் பின்னால் நிற்கின்றனர். சட்டம் அவர்களை முன் வரிசையில் உட்கார வைத்திருக்கிறது என்பதை அவர்கள் அறியவேண்டும்.

கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும், அரசு உதவி பெறும் பள்ளியிலும் மேலாண்மைக் குழு இருத்தல் வேண்டும். அதன் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலராய் இருத்தல் வேண்டும். பாதிப் பேர் பெண்களாய் இருத்தல் வேண்டும். நலிவுற்ற பிரிவைச் சேர்ந்த குழந்தைகளின் பெற்றோருக்கு உரிய அளவில் இடம் தருதல் வேண்டும். மாற்றுத்திறன் குழந்தைகள் அப் பிரிவில் சேர்க்கப்பட்டிருப்பதால் அவர்களுடைய பெற்றோருக்கும் இவ்வுரிமை உண்டு. நம் மாநில அரசுப் பள்ளிகளில் 2022ஆம் ஆண்டில் இக் குழுக்கள் 20 உறுப்பினர்களோடு மீண்டும் அமைக்கப்பட்டன. 2024இல் உறுப்பினர் எண்ணிக்கை 24ஆக உயர்த்தப்பட்டு, முன்னாள் மாணவர்களும் சேர்க்கப்பட்டனர்.

குழுவில் இடம் பெற்றால் போதாது. அந்த இடத்தைப் பயன்படுத்துதல் வேண்டும். பள்ளியின் நடைமுறையைக் கண்காணிப்பதும், பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை வகுப்பதும், அரசாங்கம் தரும் மானியம் எவ்வாறு செலவாகிறது என்று பார்ப்பதும் குழுவின் வேலைகள். கையெழுத்துப் போடுவதற்கு முன், எழுதியிருப்பதைப் படிக்கச் சொல்லிக் கேட்பது எளிய செயல். ஆனால், பெரிய உரிமை.

குழந்தையின் கல்வி உரிமை மறுக்கப்பட்டதாகக் கருதும் எவரும் உள்ளூர் அதிகார அமைப்பிடம் எழுத்து மூலம் முறையிடலாம். இரு தரப்பையும் கேட்டு, மூன்று மாதங்களுக்குள் முடிவு கூறவேண்டும் என்பது சட்டம். முடிவு நிறைவளிக்காவிடில் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். எழுதத் தெரியாதவர் பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்னும் தொலைபேசி எண்ணிலும் செய்தியைக் கூறலாம். ஆயினும், நேரில் சென்று, தலைமையாசிரியரோடு அமர்ந்து பேசித் தீர்த்துக்கொள்வதே முதல் வழியாக இருக்கட்டும். சட்டத்தைக் காட்டி ஆசிரியரை மிரட்டுவதற்காக இவற்றை நாம் சொல்லவில்லை. இரு தரப்பாரும் ஒரே குழந்தையின் நன்மைக்காக உட்காருகிறார்கள் என்பதை மறவாமல் இருப்பதற்காகவே சொல்கிறோம்.

ஆசிரியர் ஓய்வு பெறும்போது

மறுபடியும் அந்தத் திண்ணைக் குழந்தையிடம் வருவோம். நாம் அவ்வூருக்குச் சென்ற அடுத்த ஆண்டு, அப் பள்ளிக்குத் தலைமையாசிரியர் ஒருவர் மாற்றலாகி வந்தார். ஈராசிரியர் பள்ளி அது. அவர் ஒருநாள் மாலை அந்த வீட்டுக்குச் சென்று, திண்ணையிலேயே உட்கார்ந்து, குழந்தையின் பெயரை எழுதிக்கொண்டார். வட்டார வள மையத்துக்கு எழுதிச் சிறப்புப் பயிற்றுநரை வரவழைத்தார். ஊரார் சிலரிடம் செங்கலும் மணலும் கேட்டு, மூன்று படிகளை ஒட்டிச் சாய்தளம் கட்டுவித்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் குழந்தையைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தனர். ஓராண்டுக்கு மேல் அவள் பள்ளிக்கு வந்தாள். தன் பெயரை எழுதினாள்.

அதன் பின்னர் அந்தத் தலைமையாசிரியர் ஓய்வு பெற்றார். சூன் மாதம் பள்ளி திறந்தபோது அவ்விடத்துக்கு வேறொருவர் வரவில்லை. எஞ்சியிருந்த ஓர் ஆசிரியர் ஐந்து வகுப்புகளையும் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. 'புதியவர் வரட்டும், பிறகு பார்க்கலாம்' என்று தாயிடம் கூறப்பட்டது. குழந்தை மீண்டும் திண்ணைக்கு வந்துவிட்டாள்.

இதில் யாரைக் குறை கூறுவது? ஓய்வு பெற்றவர் மீது குறை இல்லை. வயது வந்தால் ஓய்வு பெறுவது முறையே. நம் மாநிலத்தில் அரசு ஊழியர், ஆசிரியர் ஆகியோரின் ஓய்வு வயது நெடுங்காலம் 58ஆக இருந்தது. 2020ஆம் ஆண்டில் அது 59ஆகவும், 2021இல் 60ஆகவும் உயர்த்தப்பட்டது. கல்வியாண்டின் நடுவில் ஓய்வு வயதை எட்டும் ஆசிரியரை, மாணவர் நலன் கருதி, அவ்வாண்டின் இறுதி வரை மறுநியமனம் செய்யும் முறையும் இங்கு உண்டு. பாடம் பாதியில் நின்றுவிடலாகாது என்பதே அதன் கருத்து. எனவே, நம் ஊர் ஆசிரியர் எந்த ஆண்டில் ஓய்வு பெறுகிறார் என்பது முன்கூட்டியே தெரிந்த செய்தி. மழை எப்போது பெய்யும் என்பதுதான் நமக்குத் தெரியாது. ஆசிரியர் எப்போது ஓய்வு பெறுவார் என்பது தெரியும். தெரிந்தும் நாம் ஆயத்தம் செய்யாதிருந்தால் அது நம் குற்றமே.

ஆசிரியருடைய கவலைகளையும் நாம் அறிந்திருத்தல் நன்று. 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தோர், பழைய ஓய்வூதியத்துக்குப் பதிலாகப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் வைக்கப்பட்டனர். அதனை மாற்றக் கோரி அவர்கள் பல ஆண்டுகள் போராடினர். கடைசிச் சம்பளத்தில் பாதியை ஓய்வூதியமாக உறுதி செய்யும் புதிய திட்டம் ஒன்றை மாநில அரசாங்கம் 2026 சனவரியில் அறிவித்தது. இதனிடையே, 2025 செப்டம்பர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கூறிய ஒரு தீர்ப்பு பல ஆசிரியரைக் கலங்கச் செய்தது. ஓய்வு பெற 5 ஆண்டுக்கு மேல் உள்ள ஆசிரியர்கள், முன்னரே பணியில் சேர்ந்திருப்பினும், ஆசிரியர் தகுதித் தேர்வில் இரண்டாண்டுக்குள் தேறவேண்டும். இல்லையேல் பணியிலிருந்து விலகவோ கட்டாய ஓய்வு பெறவோ நேரும் என்பது அத் தீர்ப்பு. அதனை மறு ஆய்வு செய்யுமாறு நம் மாநில அரசாங்கமும் நீதிமன்றத்தை வேண்டிற்று. இருபதாண்டு கற்பித்தவர் மீண்டும் தேர்வுக்குப் படிப்பதென்றால் அது எளிதன்று. இத்தகைய கவலை நிறைந்த நாட்களில், தன் வகுப்பில் மிகுந்த கவனம் வேண்டும் குழந்தை ஒன்று இருக்குமானால், ஆசிரியருக்குத் துணையாக ஊர் நிற்கவேண்டும்.

ஓர் இடம் காலியாகிவிட்டால் என்ன செய்வது? 2022ஆம் ஆண்டில் நம் மாநில அரசுப் பள்ளிகளில் காலியாக இருந்த 13,331 இடங்களில் பள்ளி மேலாண்மைக் குழுவின் வாயிலாகத் தற்காலிக ஆசிரியரை அமர்த்த அரசாங்கம் இசைவு தந்தது. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000 ரூபாய், முதுகலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய் என்று அப்போது மதிப்பூதியம் குறிக்கப்பட்டது. தற்காலிக ஆசிரியர் நிரந்தர ஆசிரியருக்கு ஈடாவாரா என்று கேட்டால், ஆகமாட்டார் என்பதே உண்மை. ஆயினும், இடம் காலியாக இருக்கிறது என்பதை எழுதிக் கேட்கும் குழு உள்ள ஊருக்கும், கேளாத ஊருக்கும் வேற்றுமை உண்டு.

ஐந்து வரித் தீர்மானம்

அந்தக் குழந்தை மூன்றாம் மாதம் மீண்டும் பள்ளிக்கு வந்தாள். எவ்வாறு வந்தாள் என்பதைச் சொன்னால்தான் நம் பேச்சின் கருத்து விளங்கும்.

அவ்வூர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில், அவளோடு படித்த பையனின் தாயார் ஓர் உறுப்பினர். அவர் கூட்டத்தில் எழுந்து, "என் மகன் தினமும் அழைத்துச் சென்ற பெண்ணை இப்போது ஏன் அழைத்து வரக்கூடாது என்கிறீர்கள்?" என்று கேட்டார். எவரும் விடை கூறவில்லை. ஆசிரியர்தாம், "வரக்கூடாது என்று சொல்லவில்லை, அம்மா. கழிப்பறைக்கு யார் தூக்கிச் செல்வது? எனக்குக் கை இரண்டுதானே?" என்றார். அதுவும் உண்மையே. அன்று தீர்மானம் ஒன்று எழுதப்பெற்றது. குழந்தை நாள்தோறும் பள்ளிக்கு வருவாள். காலை மாலை இன்னின்ன பிள்ளைகள் உடன் வருவர். நண்பகலில் தாயோ பாட்டியோ ஒருமுறை வந்து செல்வர். சிறப்புப் பயிற்றுநர் வரும் நாளைத் தலைமையாசிரியர் கரும்பலகையில் எழுதுவார். இவை நடைபெறுகின்றனவா என்பதை அடுத்த கூட்டத்தில் முதற் பொருளாக எடுத்துக்கொள்வது. ஐந்தே வரிகள்.

முன்னிருந்த தலைமையாசிரியர் இவற்றையெல்லாம் தம் நல்ல உள்ளத்தால் செய்துவந்தார். ஆனால், எங்கும் எழுதி வைக்கவில்லை. அவர் சென்றவுடன் எல்லாம் அவரோடு சென்றுவிட்டன. நல்லவர் ஒருவரின் தயவில் நிற்கும் உரிமை, அவர் ஓய்வு பெறும் நாளில் தானும் ஓய்வு பெற்றுவிடும். தீர்மானப் புத்தகத்தில் ஏறிய உரிமைக்கு ஓய்வு வயது இல்லை. இன்று நாம் சொல்ல வந்ததன் சாரம் இதுவே.

பஞ்சாயத்து செய்யவேண்டியவை

கல்வி உரிமைச் சட்டம் 'உள்ளூர் அதிகார அமைப்பு' என்று கூறும்போது பஞ்சாயத்தையும் அதில் சேர்த்தே கூறுகிறது. தன் எல்லைக்குள் வாழும் 14 வயது வரையிலான குழந்தைகளின் பதிவேட்டைப் பேணுதல் அதன் கடமைகளுள் ஒன்று. ஆகவே, ஊராட்சிப் பொறுப்பில் இருப்போரும், இருந்தோரும், இனி வரப்போவோரும் செய்யத்தக்க சிலவற்றைக் கூறுகிறோம்.

முதலாவதாக, தெருத் தெருவாக நடந்து கணக்கெடுத்தல் வேண்டும். 'பள்ளிக்குப் போகாத பிள்ளை உண்டா?' என்று கேட்டால் 'இல்லை' என்றே விடை வரும். 'வீட்டில் எத்தனை பிள்ளைகள்? ஒவ்வொருவரும் இப்போது எங்கே?' என்று கேட்டல் வேண்டும். அங்கன்வாடிப் பணியாளருக்கும் கிராம செவிலியருக்கும் இவை நன்கு தெரியும். அவர்களை உடன் அழைத்துச் செல்லலாம்.

இரண்டாவதாக, சான்றிதழும் அடையாள அட்டையும் பெற உதவுதல் வேண்டும். அரசு மருத்துவர் குறைபாட்டின் அளவைக் கண்டு சான்று தருவார். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழி காட்டும். மருத்துவ முகாம் நடக்கும் நாளைத் தண்டோராப் போட்டாவது அறிவித்து, செல்ல இயலாதவருக்கு ஒரு வண்டியும் ஏற்பாடு செய்தால், அந்த ஒரு நாள் அக் குடும்பத்துக்குப் பல ஆண்டுப் பயன் தரும். நாற்பது சதவிகிதம் என்ற வரம்பு இந்தச் சான்றினால்தான் மெய்ப்பிக்கப்படுகிறது.

மூன்றாவதாக, பள்ளிக் கட்டடத்தைப் பாருங்கள். சாய்தளம் என்ற பெயரில் செங்குத்தாக ஒரு சரிவு கட்டி விடுவதைப் பல இடங்களில் காண்கிறோம். அதில் நாற்காலி ஏறாது, இறங்கினால் கவிழும். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது முறை. மூன்று படி சேர்ந்து ஒன்றரை அடி உயரமானால் பதினெட்டு அடி நீளம் வேண்டும். ஓரத்தில் கைப்பிடியும், கழிப்பறையில் அகன்ற கதவும் வேண்டும். கொத்தனாருக்கு இந்த அளவைச் சொல்லிவிட்டால், செலவிடும் பணம் வீணாகாது.

நான்காவதாக, கிராம சபையில் இதைப் பேசுங்கள். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அதில் மே 1ஆம் நாள் கூட்டம் இதற்கு மிகவும் ஏற்றது. அடுத்த கல்வியாண்டில் யார் யார் பள்ளியில் சேர வேண்டும், எந்த ஆசிரியர் ஓய்வு பெறுகிறார், அவருடைய இடத்துக்கு ஆள் கேட்டு எழுதியாயிற்றா என்பவற்றை அன்றே பேசித் தீர்மானம் நிறைவேற்றலாம்.

ஐந்தாவதாக, மாற்றுத்திறனாளிகளே நம் மன்றத்தில் அமரப்போகின்றனர் என்பதை மகிழ்வோடு ஏற்றல் வேண்டும். ஒவ்வொரு கிராம ஊராட்சியிலும் மாற்றுத்திறனாளி ஒருவரை உறுப்பினராக நியமிப்பதற்கு வகை செய்யும் திருத்தத்தை நம் சட்டமன்றம் 2025 ஏப்ரலில் நிறைவேற்றிற்று. அவர் பேசும்போது, 'இது மாற்றுத்திறனாளி விஷயம். அவரே பார்த்துக்கொள்ளட்டும்' என்று மற்றவர் ஒதுங்கிவிடலாகாது. பள்ளி வாசற்படியின் உயரத்தை அவரைவிட நன்கு அறிந்தவர் மன்றத்தில் வேறு யாரும் இருக்கமாட்டார்.

தாயின் கேள்வி

'என் காலத்துக்குப் பிறகு இவளுக்கு யார்?' என்று அத் தாய் கேட்ட கேள்வியை நாம் மறக்கவில்லை. அன்று நமக்குத் தெரியாதிருந்த விடையில் ஒரு பகுதியை இன்று கூற முடியும்.

1999ஆம் ஆண்டில் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றை உடையோருக்காக ஏற்பட்ட சட்டம் இது. அத்தகையவர் 18 வயதைக் கடந்த பின்பும் தம் காரியத்தைத் தாமே பார்த்துக்கொள்ள இயலாதிருந்தால், சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்கலாம். மாவட்ட ஆட்சியரை உள்ளிட்ட உள்ளூர்க் குழு அதனைச் செய்கிறது. பெற்றோர் உயிருடன் இருக்கும்போதே இதற்கு மனுச் செய்யலாம். பாதுகாவலர், தம் பொறுப்பிலுள்ளவரின் சொத்துக்குக் கணக்குக் காட்டவும் கடமைப்பட்டவர். கால் காணி நிலம் உள்ள உழவர், 'இது என் மகள் பங்கு' என்று மனத்தில் நினைத்திருந்தால் மட்டும் போதாது. எழுத்தில் வைக்கவும், காப்பவர் ஒருவரை முறைப்படி அமர்த்தவும் வழி இருக்கிறது.

மற்றொரு பகுதியை எந்தச் சட்டமும் தர இயலாது. அதனை ஊர்தான் தரவேண்டும். திண்ணையிலேயே வளர்ந்த பெண்ணை, தாய் மறைந்தபின் ஊரில் அறிந்தவர் சிலரே இருப்பர். பள்ளியில் வளர்ந்த பெண்ணையோ, அவளுடைய நாற்காலியைத் தள்ளிவந்த பத்துப் பேர் அறிந்திருப்பர். அந்தப் பத்துப் பேரும் நாளை இவ்வூரின் உழவர்களாகவும், கடைக்காரர்களாகவும், பஞ்சாயத்து உறுப்பினர்களாகவும் இருப்பார்கள். ஒன்றாகப் படித்தவளை அவர்கள் எளிதில் கைவிடமாட்டார்கள். அருகிலுள்ள பள்ளியிலேயே சேர்க்கவேண்டும் என்று சட்டம் சொல்வதன் ஆழ்ந்த பயன் இதுவென்றே நாம் கருதுகிறோம்.

ஆகவே, இக் கூட்டம் முடிந்து ஊருக்குத் திரும்பியவுடன் ஒரு காரியம் செய்யுமாறு உங்களை வேண்டிக்கொள்கிறோம். உங்கள் வார்டில், உங்கள் தெருவில், பள்ளி நேரத்தில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் குழந்தை எது என்று பாருங்கள். அக் குழந்தையின் பெயரைக் கேளுங்கள். அந்தப் பெயரை அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தின் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் செய்யுங்கள்.